முகமூடிக் குயிலுக்கு ஒரு சாட்சி

பல் டாக்டர் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

முப்பது வருடமாக ஊரில் பாதிப் பேரை 'ஆ காட்டுங்க' என்று அதட்டியவர். இன்று அவரே காட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

மேலே, அறுபது அடி உயரத்தில், பறவை பார்க்கும் மரக் கோபுரம். கீழே பாறை. இரண்டுக்கும் நடுவே டாக்டர் எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு விநாடிகூட இருக்காது.

கரிச்சான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. எறும்புகள் மட்டும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. மழைக்காட்டில் எறும்புக்கு யாரும் தகவல் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

மணி எட்டு நாற்பது.

"போச்சு…" என்றாள் கரிச்சான். "என் லைசென்ஸும் போச்சு."

செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லும் பேச்சா இது? இல்லைதான். ஆனால் அவளுக்கு முதலில் வந்த நினைப்பு அதுதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கரிச்சான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காட்டு விடுதியில் வைத்த பெயர். ஆள் கறுப்பு, சின்ன உருவம், தன்னைவிடப் பெரிய ஆளையும் விரட்டி விரட்டித் திட்டுவாள். கரிச்சான் குருவியும் அப்படித்தான், பருந்தையே கொத்தி அனுப்பும். மழைக்காட்டில் வழிகாட்டி வேலை, பதினோரு வருட அனுபவம். லைசென்ஸ் பரீட்சையில் மூன்று தடவை கோட்டை விட்டு, நான்காவது தடவை பாஸ் செய்தவள்.

அந்த லைசென்ஸில் ஒரு விதி உண்டு. வழிகாட்டி இல்லாமல் விருந்தாளி யாரும் கோபுரம் ஏறக் கூடாது.

அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார் ஹெட்மாஸ்டர். ரிட்டயர் ஆகி ஆறு வருடம். கழுத்தில் பைனாகுலர், சட்டை முன்பக்கம் முழுக்கச் சேறு.

"ஏம்மா… போயிட்டாரா?"

"போயிட்டார் சார்."

"நாம பாத்துட்டிருந்தப்ப 'தொப்'புனு ஒரு சத்தம் கேட்டுச்சே…"

"கேட்டுச்சு. கிளை விழுந்ததுன்னு நெனச்சேன்."

மழைக்காட்டில் ஒரு நாளைக்குப் பத்துக் கிளையாவது விழும். டாக்டர் விழுவது இதுதான் முதல் தடவை.

நடந்தது இவ்வளவுதான்.

காலை ஏழரைக்கு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு விடுதியிலிருந்து கிளம்பினாள். பல் டாக்டர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, ஹெட்மாஸ்டர். பத்து நிமிடத்தில் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனான். ஓடைக்கரை வந்ததும் டாக்டரம்மாவுக்கு முட்டி வலி. அங்கே ஓலை வேய்ந்த மறைவுக் குடில் ஒன்று உண்டு. உள்ளே உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பறவை பார்க்கலாம். அம்மாவை அதில் உட்காரவைத்தாள். கோபுரத்துக்கு இருநூறு அடி இருக்கையில் தரையில் தத்தித் தத்திப் போன ஒரு நீலப் பறவையைப் பார்த்து ஹெட்மாஸ்டர் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டார். அவரை எழுப்புவது நடக்கிற காரியமா?

டாக்டருக்கோ பொறுமை இல்லை.

"பத்தே நிமிஷம். நான் முன்னாடி ஏறிடறேன். அத்திமரம் பழுத்திருக்கு, கூட்டமா வரும்."

"தனியா ஏறக் கூடாது சார். ரூல்."

"ரூலை யார் பாக்கப் போறா? எறும்பா?"

கரிச்சான் தலையை ஆட்டிவிட்டாள். பதினோரு வருடத்தில் ஆட்டாத தலை. மணி அப்போது எட்டு ஐந்து.

*

இன்ஸ்பெக்டர் வந்து சேர மணி ஒன்று.

பளபளவென்று பாலிஷ் போட்ட தோல் ஷூவோடு வந்தார். காட்டுக்குள் அப்படி வருகிறவரை அட்டைகள் விடுமா? கோபுரத்தடிக்கு வருவதற்குள் கணுக்காலில் நான்கு, கழுத்தில் ஒன்று.

"ஏம்மா, இதை எப்படி எடுக்கறது?"

"இழுக்காதீங்க சார். குடிச்சு முடிச்சதும் அதுவே விழுந்துடும்."

"குடிச்சு முடிக்கற வரைக்கும்?"

"கேஸைப் பாருங்க சார்."

அவர் கேஸைப் பார்த்தார். கோபுரத்தில் ஏறினார், பின்னாலேயே கரிச்சானும். மேல்தளம் சின்னது, நான்கு பேர் நிற்கலாம். சுற்றிலும் மரக் கைப்பிடி. உலுக்கிப் பார்த்தார், ஆடவில்லை. ஆறடி டாக்டருக்கு அது இடுப்புக்குக் கீழேதான் வரும்.

"எட்டிப் பாத்திருக்கார். தவறி விழுந்திருக்கார். கூட நிக்க வேண்டிய ஆள் நீங்க. நின்னீங்களா?"

"இல்ல சார்."

"உண்மையைச் சொல்லிட்டீங்க, சந்தோஷம். அலட்சியத்தால மரணம். ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்."

கரிச்சானின் கண் கைப்பிடியை விடவில்லை.

"சார், அவர் விழுந்தது எந்தப் பக்கம்?"

"இதோ… படிக்கட்டுப் பக்கம்."

"அத்திமரம் எந்தப் பக்கம்?"

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். நேர் எதிர்ப் பக்கம். கிளையெல்லாம் பழம். இவர்கள் நிற்கும்போதே முப்பது பறவையாவது அதில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"பறவை பாக்கறவன் உசுரே போனாலும் பழுத்த மரத்துக்கு முதுகைக் காட்ட மாட்டான் சார். இந்தப் பக்கம் என்ன இருக்கு? பாறை. அதுல ஒரு ஈ கூட உக்காராது. அவர் ஏன் இங்க வந்து நின்னார்?"

"ஏன்?"

"படியேறி யாரோ வந்திருக்காங்க. அவங்ககூடப் பேசறதுக்காகத் திரும்பியிருக்கார்."

"யாரு வந்தது?"

அங்கேதான் கரிச்சான் மாட்டிக்கொண்டாள்.

"ஹெட்மாஸ்டர் உங்ககூடவே இருந்தார். சரியா?"

"ஆமா. சேத்துல."

"அந்த அம்மா முட்டி வலின்னு குடில்ல. தம்பிக்காரன் வயித்து வலின்னு ரூம்ல. ஹெட்மாஸ்டர் கண்ணு பறவை மேல, உங்களைப் பாத்திருக்க மாட்டார். மிச்சம் யாரு? நீங்க. அலட்சியம்னு எழுதினா ரெண்டு வருஷம். கொலைன்னு எழுதினா ஆயுசுக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

கரிச்சான் வாயை மூடிக்கொண்டாள். அது அபூர்வமான காட்சி. அதன் அருமை தெரிந்த ஆள்தான் அங்கே இல்லை.

*

டாக்டரைத் தூக்குப்படுக்கையில் வைத்து விடுதிக்குக் கொண்டுவர மணி மூன்றரை.

விடுதி என்றால் தகரக் கூரை போட்ட ஆறு அறைகள், ஒரு சாப்பாட்டுக் கூடம். கூடத்துக்குப் பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் வேலைக்காரர்களுக்கு ஒற்றை அறை வீடு. அந்த வீடுதான் கரிச்சானின் வீடு. சமையல்காரர்தான் அவள் புருஷன். வழிகாட்டி லைசென்ஸ் இருக்கிற வரைக்கும்தான் வீடு. லைசென்ஸ் போனால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான்.

"ஜெயில்ல சாப்பாடு எப்படி இருக்கும்னு தெரியலையே…" என்றார் புருஷன். அவர் கவலை அவருக்கு.

"உன் சாப்பாட்டையே பதிமூணு வருஷமா சாப்பிடறேன். அதையும் தாங்கிடுவேன்."

சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்சம் அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"தம்பிக்காரன் மேல சந்தேகமா இருக்கு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நேத்து சாப்பிடறப்ப டாக்டர் அவனைத் தண்டச்சோறுன்னு சொன்னார். எல்லார் முன்னாடியும். வயித்து வலின்னு திரும்பி வந்தவன், ரூம்லதான் இருந்தானான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ரூம்ல இல்ல."

"என்னது?"

"இங்கதான் இருந்தான். எட்டுலேர்ந்து ஒன்பது வரைக்கும் அடுப்பு பக்கத்துல உக்காந்து ஏழு முட்டை தின்னான். வயித்து வலியாம். நடக்க சோம்பேறித்தனம்… பறவைன்னாலே அவனுக்கு வெறுப்பாம். அக்காகிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினான்."

போயிற்று. இருந்த ஒரே சந்தேகமும் ஏழு முட்டையில் உடைந்துபோனது.

*

நாலரைக்கு ஜீப் கிளம்ப வேண்டும். ஆறு மணிக்குக் காட்டு வாசல் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்கு மேல் பாதை யானைகளுக்கு.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேன்ட்டை முட்டி வரை சுருட்டிவிட்டுக் கணுக்காலை அழுத்திப் பிடித்திருந்தார். அட்டை கடித்தால் ரத்தம் லேசில் நிற்காது. டாக்டரம்மா முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, சத்தமே வராத அம்மா. காலையிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள். "அவர் பைனாகுலர் உடைஞ்சிருச்சா?" அதிர்ச்சியில் ஏதோ கேட்கிறாள் என்று எல்லோரும் பாவப்பட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"துக்கமான நேரத்துல கேக்கக் கூடாதுதான்… இன்னிக்கு லிஸ்ட் வாசிப்பு உண்டா?"

தம்பிக்காரன் நிமிர்ந்தான். "என்ன மனுஷன் சார் நீங்க? மாமா அங்க ஐஸ்ல இருக்கார்."

"அதான் தம்பி, கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே கேட்டேன்."

"லிஸ்ட்டுன்னா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கரிச்சான் சொன்னாள். தினமும் சாயங்காலம் இந்தக் கூடத்தில் நடக்கிற சடங்கு. காட்டில் பார்த்த பறவைகளின் பெயரை வழிகாட்டி ஒவ்வொன்றாக வாசிப்பாள். பார்த்தவர் கையைத் தூக்க வேண்டும். விடுதிப் பெரிய நோட்டில் மையால் பதிவாகும். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. பார்த்ததை மறைக்கவும் இந்தக் கூட்டத்துக்கு முடியாது. பெற்ற பிள்ளையின் பிறந்த நாளை மறப்பார்கள். பார்த்த பறவையை மறக்க மாட்டார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"சார்… டாக்டர் கேமரா உங்ககிட்டதானே இருக்கு? ஓடுதா?"

கேமராவின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஆனால் பின்னால் இருந்த திரையில் படம் வந்தது. கடைசிப் படம், மணி எட்டு பதினேழு. இலைகளுக்கு நடுவே பழுப்பு முதுகு. பாதி முகம். கண் மேல் கறுப்பாக ஒரு பட்டை.

ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"முகமூடிக் குயில்…"

"ஏழு வருஷமா இந்தக் காட்டுல யாரும் பாக்கல சார்" என்றாள் கரிச்சான் இன்ஸ்பெக்டரிடம். "இவங்க எல்லாரும் வந்ததே இதுக்காகத்தான்."

"மாதிரிதான் இருக்கு" என்றார் ஹெட்மாஸ்டர், குரலில் பொறாமை சொட்ட. "ஆனா முதுகை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. வயிறு தெரியணும். முகமூடிக்கு வயிறு சுத்த வெள்ளை. படத்துல வயிறு இல்லையே…"

கரிச்சான் இன்ஸ்பெக்டரை ஓரமாக இழுத்துப் போனாள்.

"சார், இருபது நிமிஷம் குடுங்க. இந்தப் பறவை அத்திமரத்துல இருந்தப்ப கோபுரத்துல இன்னொரு ஆள் இருந்திருந்தா, அவங்களும் பாத்திருப்பாங்க. கோபுரத்து மேலேர்ந்து மட்டும்தான் அது தெரியும். பாத்தவங்களால வாயை மூடிட்டு உக்கார முடியாது. நான் பேரைச் சொன்னதும் கை தானா மேல வரும்."

"கொலை பண்ணினவன் கையைத் தூக்குவானா? பள்ளிக்கூடமா இது?"

"இந்தக் கூட்டத்தை உங்களுக்குத் தெரியாது சார்."

இன்ஸ்பெக்டர் கணுக்காலைப் பார்த்தார். ரத்தம் இன்னும் நிற்கவில்லை.

"இருபது நிமிஷம். அப்புறம் நீங்களே ஜீப்ல ஏறி உக்காந்துடணும்."

*

கரிச்சான் பெரிய நோட்டைப் பிரித்தாள்.

"மரங்கொத்தி."

ஹெட்மாஸ்டர் கை தூக்கினார்.

"பச்சைப் புறா."

ஹெட்மாஸ்டர்.

"மீன்கொத்தி."

ஹெட்மாஸ்டர். டாக்டரம்மாவும் லேசாக ஒரு விரலைத் தூக்கினாள். ஓடைக்கரையில் மீன்கொத்தி இருந்திருக்கும், நியாயம்தான்.

"தம்பி, நீங்க?"

"நான் முட்டை பாத்தேன்" என்றான் தம்பிக்காரன். அக்கா அவனை முறைத்தாள்.

இப்படியே பதினெட்டுப் பெயர்கள். பத்தொன்பதாவது வந்ததும் கரிச்சான் நிறுத்தினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"முகமூடிக் குயில்."

யாரும் அசையவில்லை.

ஹெட்மாஸ்டரின் கை பாதி எழுந்து, மனசாட்சி உறுத்தி, கீழே இறங்கியது. பாவம், அவர் பார்த்தது சேறுதான். தம்பிக்காரன் கொட்டாவி விட்டான். டாக்டரம்மா வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தாள்.

"முகமூடிக் குயில்… இன்னிக்குக் காலையில… யாரும் பாக்கலையா?"

கூரை மேல் தூறல் விழுகிற சத்தம்தான் கேட்டது.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அவ்வளவுதானேம்மா? கிளம்பலாமா?"

கரிச்சான் நோட்டை மூடப்போனாள். பதினோரு வருடம். ஒரு தலையாட்டலில் எல்லாம் முடிந்துபோயிற்று. சமையல்கட்டு வாசலில் புருஷன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பேனாவைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு நிமிஷம் சார். நாளைக்கு இந்த நோட்டு என் கையில இருக்காது. டாக்டர் பாத்ததை அவர் பேர்லயே எழுதிட்டு வந்துடறேன். என் தப்பால போனவர். இதையாவது செய்யணும்."

இது பொறி இல்லை. உண்மையாகவே சொன்னாள்.

எழுத ஆரம்பித்தாள். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது அவள் வழக்கம்.

"முகமூடிக் குயில்… ஒன்று… அத்திமரம்… காலை எட்டு பதினேழு…"

விடுதி மேனேஜர் அதுவரை மூலையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு சாவு விழுந்த விடுதிக்கு இனி யார் வருவார்கள் என்பது அவர் கவலை. அவருக்கு இப்போது முகம் மலர்ந்துவிட்டது.

"ஏழு வருஷத்துல முதல் பதிவு. கோபுரத்துல ஒரு கல்வெட்டு வெச்சுடலாம். 'முகமூடிக் குயிலைக் கண்டவர்'னு டாக்டர் பேரு, அவர் ஃபோட்டோ…"

"நல்ல யோசனை" என்றார் ஹெட்மாஸ்டர், மனசே இல்லாமல்.

வெந்நீர்ப் பை தொப்பென்று தரையில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"கோபுரத்துக்கே டாக்டர் பேரை வெச்சாலும் தப்பில்ல" என்றார் மேனேஜர். "என்ன கண்ணு அவருக்கு. ஒரு முதுகைப் பாத்தே கண்டுபிடிச்சிருக்காரே…"

"பார்த்தவர்…" என்று கரிச்சான் எழுதினாள். "பல்… டாக்டர்…"

"தப்பு."

மெல்லிய குரல். யார் பேசியது என்றே முதலில் புரியவில்லை.

"தப்பு" என்றாள் டாக்டரம்மா மறுபடி. "அடிச்சிடுங்க. அது முகமூடிக் குயில் இல்ல. சாதாக் குயில். குஞ்சு. இந்த வருஷத்துக் குஞ்சு."

"அதெப்படிம்மா?" என்றார் ஹெட்மாஸ்டர். "கண்ணுல பட்டை இருக்கே."

"குஞ்சுக்கும் பட்டை இருக்கும் சார். நாலு மாசம் வரைக்கும். வயித்தைப் பாக்கணும். வயித்துல குறுக்குக் கோடு நெருக்கமா இருந்துச்சு. வாலுக்கு அடியில செம்பழுப்பு. முகமூடிக்கு அது வருமா? சொல்லுங்க, வருமா?"

"வராது…" என்றார் ஹெட்மாஸ்டர் தன்னை மறந்து. "வரவே வராது. அப்ப சாதாக் குயில்தான்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

கூடத்தில் அத்தனை பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். ஹெட்மாஸ்டருக்குத்தான் கடைசியில் உறைத்தது.

கரிச்சான் பேனாவை மூடினாள்.

"அம்மா… படத்துல வயிறு இல்ல."

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள்.

"குடில்லேர்ந்து அத்திமரமும் தெரியாது" என்றாள் கரிச்சான். இதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "நீங்க எங்க நின்னு வயித்தைப் பாத்தீங்க?"

தம்பிக்காரன் எழுந்தான். "அக்கா… எதுவும் பேசாத. வக்கீல் வரட்டும்."

"உக்காருடா. முட்டையா தின்னுட்டு இருந்தே?"

அவன் உட்கார்ந்தான்.

டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றினாள். முட்டி வலி எங்கே போயிற்றோ, ஜம்மென்று எழுந்து நின்றாள். ஆளே ஒரு சாண் வளர்ந்துவிட்ட மாதிரி தெரிந்தாள்.

"குடில்ல உக்காந்திருந்தேனா… கூப்பிடற சத்தம் கேட்டுச்சு. குயில் சத்தம்தான், ஆனா குரல் உடையாத சத்தம். குஞ்சுன்னு அப்பவே தெரியும். பாத்துடலாம்னு பாறையைச் சுத்திப் போய்க் கோபுரம் ஏறினேன். இவர் படம் எடுத்துட்டு, கேமராவுக்குள்ள தலையை விட்டுட்டு நின்னார். பறவை அந்தச் சமயம் பாத்துத் திரும்பி வயித்தைக் காட்டிச்சு. அவர் பாக்கல. நான் பாத்தேன். எப்பவுமே அப்படித்தான்."

"எப்பவுமேன்னா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முப்பத்தொரு வருஷம் சார். கல்யாணமான மூணாம் நாளு தோட்டத்துல ஒரு ஆந்தையைக் காட்டினேன். 'அட, நான் பாத்த ஆந்தை'ன்னு எழுதிக்கிட்டார். அன்னிலேர்ந்து நான் காட்டுவேன், அவர் எழுதுவார். புத்தகமே போட்டார். முன்னுரையில எனக்கு நன்றி சொன்னார். என்னன்னு தெரியுமா? 'காட்டில் சூடான டீ ஊற்றித் தந்த மனைவிக்கு.'"

ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது.

"அதையெல்லாம்கூட விடுங்க" என்றாள். "பொறுத்துக்கிட்டேன். பேரு யாருதா இருந்தா என்ன, பறவை சரியா இருந்தா போதும்னு இருந்தேன். இன்னிக்கு 'இது குஞ்சுங்க, வயித்துல கோடு இருக்கு'ன்னு சொன்னேன். திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சார். படிக்கட்டுப் பக்கம் வந்து கைப்பிடியில சாஞ்சுக்கிட்டு… 'உனக்கென்னடி தெரியும், போய் டீ ஊத்து'ன்னார்."

"அப்புறம்?"

"ஊத்தினேன். குடுத்தேன். வாங்கறதுக்கு ரெண்டு கையையும் நீட்டினார்."

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "இவங்க முட்டின்னு சொன்னதை நாம யாரும் செக் பண்ணவே இல்லையே…" என்றார் யாரிடமும் இல்லாமல். பிறகு நிமிர்ந்தார். "ஏம்மா, ஒண்ணு மட்டும் புரியல. வாயை மூடிட்டு உக்காந்திருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க. இந்தப் பொண்ணுதான் உள்ள போயிருக்கும்."

டாக்டரம்மா கரிச்சானைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

"இவளுக்காகப் பேசினேன்னு சொன்னா எனக்குப் பெருமைதான். ஆனா பொய் சொல்ல வரல. இவ ஜீப்ல ஏறினாகூட நான் பேசாம இருந்திருப்பேன். மன்னிச்சிடும்மா. ஆனா அந்தக் கல்வெட்டு… தப்பான பறவைக்கு ஒரு கல்வெட்டு. வர்றவன் போறவன் எல்லாம் படிப்பான். அதை எப்படிம்மா தாங்கறது?"

கரிச்சானுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. கூடவே வேறு ஏதோ ஒன்றும் வந்தது. நோட்டைத் திருப்பி அம்மாவின் முன்னால் வைத்தாள். எழுதியிருந்த வரியை அவள் கண்ணெதிரிலேயே குறுக்கே அடித்தாள். கீழே புதிதாக எழுதினாள். 'சாதாக் குயில், குஞ்சு, ஒன்று. பார்த்தவர்: டாக்டரம்மா.'

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். விரலால் தன் பேரைத் தொட்டுப் பார்த்தாள்.

"மணி எட்டு பதினெட்டுன்னு போடு" என்றாள். "வயித்தைக் காட்டினது ஒரு நிமிஷம் கழிச்சு."

*

நாலே முக்காலுக்கு ஜீப் கிளம்பத் தயாரானது. தூறல் நின்று வெயில் அடித்தது.

"உங்க லைசென்ஸை ஒரு மாசம் நிறுத்தி வெக்கச் சொல்லுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர் கரிச்சானிடம். "ரூல் ரூல்தான். அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது. வீட்டைக் காலி பண்ண வேண்டாம்னு மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்."

கரிச்சான் கையெடுத்துக் கும்பிட்டாள். பின்னால் புருஷன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினார். ஒரு மாசம் முழுக்க இவள் வீட்டிலேயே இருக்கப் போகிறாள் என்று அழுதாரா, ஜெயிலுக்குப் போகவில்லை என்று அழுதாரா, அது அவருக்கே வெளிச்சம்.

ஜீப்பின் பின் சீட்டில் டாக்டரம்மா. பக்கத்தில் இன்ஸ்பெக்டர். முன்னால் தம்பிக்காரன். அம்மாவின் மடியில் கைப்பை, கையில் விலங்கு, முகத்தில் ஒரு அமைதி. வழியனுப்பக் கரிச்சான் ஜன்னலோரம் நின்றாள்.

இன்ஸ்பெக்டருக்கு அந்த அமைதி என்னவோ செய்தது. இரண்டு மணி நேரம் ஒன்றாகப் போக வேண்டும். ஏதாவது பேசினால் தேவலை என்று நினைத்து, மொட்டை மரத்து உச்சியைக் கையால் காட்டினார்.

"அங்க பாருங்கம்மா. எவ்வளவு பெரிய கழுகு."

டாக்டரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அரை விநாடிதான். பிறகு மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"அது பருந்து."

இன்ஸ்பெக்டர் எச்சிலை விழுங்கினார்.

"பருந்துதாம்மா. நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தன் பக்கத்துக் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.